அவரைக் கேட்டுச் சொல்லுறன்

பாரிஸ் லா சப்பலில் எங்கள் கடைக்கு வந்து யார் எதைக் கேட்டாலும் அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் கிடைக்கும். "அவரைக் கேட்டுச் சொல்லுறன்." ஊர்ச் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குச் சோடா வாங்கித் தரமுடியுமா என்று வந்தாலும் சரி, வாழைப்பூப் பெட்டி ஒன்றைக் கூடுதலாக இறக்கட்டுமா என்று லொறிக்காரன் கேட்டாலும் சரி, கல்யாணத்துக்குக் கடை வான் வண்டியை ஒருநாள் விடுவீர்களா என்று சொந்தக்காரர் இழுத்தாலும் சரி, அதே முகம், அதே குரல். சொல்லிவிட்டுத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார். "அவர் வேண்டாமாம்." வந்தவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விடுவார்.

எங்கள் கடை என்று சொல்கிறேனே தவிர, நான் அங்கே சம்பளத்துக்கு நின்றவன். பெட்டி இறக்குவது, கத்தரிக்காய் அடுக்குவது, மீனுக்கு ஐஸ் போடுவது என் வேலை. ஒரு கடையில் பத்து வருடத்துக்கு மேல் நின்றால் யாருக்கும் வாய் அப்படித்தான் வரும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் சிவப்பரிசி மூட்டை எடுக்கப் பின்னறைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் "அவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்தார். முதலாளியை, அதாவது அக்காவின் கணவரை, அங்கே காணோம். அக்கா மூட்டைகளுக்கு முன்னால் தனியாக நின்றார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். போத்தலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகுதான் என்னைக் கண்டார்.

"என்ன பாக்கிறீர்? மூட்டையைத் தூக்கும்" என்றார்.

திரைக்கு வெளியே போய் "அவர் ஏலாதாம்" என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. அந்த நேரம் முதலாளி செவ்ரானில் சிநேகிதர் வீட்டில் இருந்து காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டையை முகத்துக்கு மறைப்பாகத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதலாளியைப் பற்றி எங்கள் தெருவான ரூ பெர்தொனேயில் உலவிய கதைகளைச் சேர்த்தால் ஒரு புராணம் எழுதலாம். அவர் ஒருமுறை மாட்டேன் என்றால் பிறகு கடவுள் வந்து கேட்டாலும் மாட்டேன்தானாம். அழுகின மாம்பழத்தை ஏமாற்றி இறக்கிய மொத்த வியாபாரியைக் கூப்பிட்டு, நடுத்தெருவில் வைத்து ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி ஏற்ற வைத்தாராம். சண்டித்தனம் பண்ண வந்த பெடியங்கள் அவருடைய பார்வையிலேயே அடங்கிப் போனார்களாம். இதையெல்லாம் தலைமயிர் வெட்டும் கடையில் என்னிடமே சொல்வார்கள். நான் அவருடைய கடையில் நிற்பவன் என்பதால் எனக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவேன்.

மாம்பழப் பெட்டிகளைத் திருப்பி ஏற்றியது உண்மைதான். ஏற்றியவனே நான்தான். ஆனால் அன்றைக்கு முதலாளி மேலே வீட்டில் நித்திரை. பின்னறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "அவர் திருப்பி ஏத்தட்டாம்" என்று சொன்னது அக்கா.

உண்மையான முதலாளி சாதுவிலும் சாது. மெல்லிய மனிதர், எந்நேரமும் ஒரு வெட்கச் சிரிப்பு, யாரைக் கண்டாலும் பாதி எழும்பிக் கும்பிடுவார். அவருக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. பிறவியிலேயே வராது என்றுதான் நினைக்கிறேன். நான் சேருவதற்கு முந்தி ஒரு வருடம் பிள்ளையார் தேருக்குத் தெருவில் உடைக்கத் தேங்காய் கேட்டு மூன்று கூட்டம் தனித்தனியாக வந்தது. மூன்று கூட்டத்துக்கும் "ஓம், எடுங்கோ" என்றார். தேரன்று காலையில் மூன்று கூட்டமும் ஒரே தேங்காய்க் குவியலுக்கு முன்னால் வந்து நின்று ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். முதலாளி மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டார். அக்கா கீழே நின்று எல்லோருக்கும் பதில் சொன்னார். பின்னறைக்குப் போய்க் கேட்டுவரும் பழக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"நீங்களே வேண்டாம் எண்டு சொன்னால் என்னக்கா?" என்று கேட்டேன்.

"பொம்பிளை வேண்டாம் எண்டால் திருப்பித் திருப்பிக் கேப்பினம், தம்பி. பிறகு சிரிச்சுப்போட்டுப் போய் வெளியிலை கதைப்பினம். அவர் வேண்டாமாம் எண்டால் போயிடுவினம்."

இவ்வளவும் செய்தவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த முதலாளியின் கதிரையில் ஒருநாளும் இருந்ததில்லை. கால் வீங்கி, சேலைக்குக் கீழே மேசு போட்ட கால் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கும். அப்போதும் கதிரைக்குப் பக்கத்தில்தான் நிற்பார். குளிர்காலத்தில் தலைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி. முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துப் பொறுக்குகிறவர்களைக் கண்டால் பிடிக்காது, ஆனால் அதையும் முதலாளியின் தலையில்தான் போடுவார். "முறிச்சால் அவர் பேசுவார்" என்பார். ஆளில்லாத கதிரையைப் பார்த்து அந்தச் சனம் பயந்து முருங்கைக்காயைக் கீழே வைக்கும்.

முதலாளிக்குப் பாரிசவாதம் வந்தது காட்ஸ் மேசையில். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். பேச்சு வரவே வராது என்று நாங்கள் கைவிட்டிருந்த ஒருநாள், "பசிக்குதோ?" என்று அக்கா கேட்டதற்கு "ஓம்" என்றார். அக்கா அழுதார். நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. "நோகுதோ?" என்று கேட்டார். "ஓம்." "நோகேல்லையோ?" என்று கேட்டார். "ஓம்." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பிரெஞ்சுப் பிள்ளை எங்களுக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னாள். சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடுமாம். வேறு எதையோ சொல்ல நினைத்தாலும் வாயில் அதுதான் வருமாம். அவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று எங்களால் சொல்ல முடியாது, நாங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம் என்றாள். வாழ்நாள் முழுவதும் ஓம் சொன்ன மனிதருக்குக் கடைசியில் மிஞ்சுவதற்கு வேறு என்ன சொல் இருக்கப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலாளிக்கு ஓர் அண்ணன் உண்டு. பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். நாங்கள் மூத்தவர் என்போம். தம்பியை இந்த நாட்டுக்கு எடுத்ததும் அவர்தான், கடையைக் குத்தகைக்கு எடுக்கும்போது பாதிக்கு நின்றதும் அவர்தான். கடையும் மேல்வீடும் அண்ணன் தம்பி பெயரில். அக்காவின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து மூத்தவர் அழுதழுது சொன்னார்.

"அவன் திரும்ப வந்து கடையிலை இருந்தானெண்டால் எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை, பிள்ளை. ஏலாட்டில் நான் எடுக்கிறன். நீ வீட்டிலை இருந்து அவனைப் பார். உங்கள் ரெண்டு பேரையும் நான் விடமாட்டன்."

கெட்ட மனிதர் இல்லை. மனதார அன்போடுதான் சொன்னார். ஆனால் அக்காவிடம் அந்தக் கடை போனால் வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் இல்லை. மூத்தவர் சொன்னதில் ஒரேயொரு விஷயத்தைத்தான் அக்கா பிடித்துக்கொண்டார்: கடையில் இருந்தானென்றால். இருத்திவிட்டால் போயிற்று.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், முதலாளி கல்லாவில் இருந்தார். அக்கா மேலே வைத்து அவருக்குச் சவரம் செய்து, திருநீறு பூசி, கோட்டுப் போட்டு, கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டி வைப்பார். நான் போய்த் தூக்கி வருவேன். ஒடுக்கமான மரப்படி. ஒரு மனிதனைத் தூக்கினால் அவன் தன்னையறியாமல் கொஞ்சம் உதவுவான், கழுத்தைப் பிடிப்பான், உடம்பைச் சுருக்குவான். முதலாளி உதவமாட்டார். அரிசி மூட்டையின் பாரம் அவருக்கு. கதிரையில் வைத்ததும் ஒரு பக்கம் சரிந்து போவார். அதனால் முதுகுக்குப் பின்னால் மரப்பெட்டிப் பலகை ஒன்றை வைத்து, தள்ளுவண்டியில் பெட்டிகளைக் கட்டும் பட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, அதற்கு மேல் கோட்டைப் பூட்டிவிடுவோம். இடது கையைக் கல்லாவின் மேல் எடுத்து வைப்பார் அக்கா. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய முதலாளிதான். பழையவரைவிடக் கொஞ்சம் கம்பீரமாகவும் இருந்தார்.

"முதலாளி சுகமே?"

"ஓம்."

"குளிர் கூடத்தான், என்ன?"

"ஓம்."

சனத்துக்கு அது போதும். பெரிய ஆள், பேச்சைக் குறைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். யாராவது ஒரு உதவி கேட்க வாயெடுத்தால் அக்கா நடுவில் வந்துவிடுவார். "அவரை இப்ப கரைச்சல் படுத்தாதையுங்கோ. நான் கேட்டுச் சொல்லுறன்." எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. முதலாளியின் கண்ணை மட்டும் நான் பார்ப்பதில்லை.

அந்தக் கோடையில் அக்கா அவரை லூர்து மாதாவிடம் கொண்டுபோக வேண்டும் என்றார். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் பாரிஸில் இருக்கிற சைவக்காரருக்கு லூர்து மாதா சொந்தம்தான். யாத்திரை பஸ் ஒன்று, லூர்து முடித்து ஸ்பெயின் வழியாகப் போர்த்துக்கலில் பாத்திமா வரைக்கும். தூக்குவதற்கு நானும் போனேன். லூர்தில் தீர்த்தத்தை முகத்தில் தெளித்து, "மாதா, இவருக்கு வாயைத் திறந்து விடம்மா" என்று அக்கா மன்றாடினார். முதலாளி மாதாவைப் பார்த்து ஓம் என்றார். பக்கத்தில் நின்ற ஒரு தாய் அதைக் கேட்டு, நல்ல சகுனம் என்று அக்காவின் கையைப் பிடித்தார்.

மறுநாள் ஸ்பெயினுக்குள் பூர்கோஸ் என்ற ஊரில் பஸ் நின்றது. ஓட்டுநர் ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்றார். வெயில். பஸ் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஆற்றுப் பாலத்தின் தலைப்பில், பெரிய சிலை ஒன்று. குதிரையில் ஒரு தாடிக்காரன், வாளை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, பின்னால் போர்வை பறக்கப் பாய்கிறான். எங்களோடு வந்தவர்களில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், பிரெஞ்சு அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், வேதக்காரர், நிறையப் படித்தவர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல எல்லோரும் அவரை முசியே என்றார்கள். அவர் நிழலில் நின்று அந்த வீரனின் கதையைச் சொல்லத் தொடங்கினார். நாங்களும் முதலாளியின் சக்கர நாற்காலியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய் நின்றோம்.

"இவரு எல் சித். அது பேரு இல்லீங்க, பட்டம். பிரபுன்னு அர்த்தம். யாரு குடுத்தாங்கன்றீங்க? எதிரிங்க. அரபுக்காரங்க பாஷையில வந்த பட்டம் அது."

ராசா அவரை நாட்டைவிட்டு விரட்டினானாம். கையில் ஒன்றுமில்லை. இரண்டு பெட்டியில் மணலை நிரப்பிப் பூட்டி, உள்ளே பொன் இருக்கிறது, ஒரு வருடத்துக்குத் திறக்கக்கூடாது என்று சொல்லிக் கடன் வாங்கினாராம். அந்தப் பெட்டி என்று சொல்லி ஒன்றை இங்கே கோயிலில் இப்போதும் தொங்கவிட்டிருக்கிறார்களாம்.

"திறந்து பாக்கேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"பாக்கலம்மா. அவரு பேரு அப்படி."

அக்கா சிரித்தார். அவருடைய பல்லை நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

முசியே தொடர்ந்தார். விரட்டப்பட்டவர் முஸ்லிம் ராசாவிடமும் சேவகம் பார்த்தாராம், அவனுக்காகக் கிறிஸ்தவர்களோடும் மோதினாராம். பிறகு வலென்சியா என்ற கடற்கரைப் பட்டணத்தைப் பிடித்துத் தானே ஆண்டாராம். குதிரைக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு அவர்கள் பாஷையில் மடையன் என்று பொருள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பட்டணத்தை எதிரி சுற்றி வளைத்திருக்கும்போது வீரன் செத்துப்போனான்.

"வெளிய தெரிஞ்சா பட்டணம் போச்சு. அதனால உடம்புக்குத் தைலம் பூசி, முதுகுக்குப் பின்னாடி பலகை வெச்சு, சேணத்தோட சேத்துக் கட்டி, கையில வாளையும் கட்டி, குதிரையில ஏத்திக் கோட்டைக் கதவத் தெறந்து விட்டாங்க. அவர் வர்றார்னு பாத்ததும் எதிரிங்க கடலப் பாத்து ஓடிட்டாங்கன்னு சொல்லுவாங்க."

நான் சக்கர நாற்காலியின் பின்னால் நின்றேன். காலையில் நான் கட்டிய பட்டி முதலாளியின் கோட்டுக்குள் இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் அடடா என்று சிலையை அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா முசியேயிடம் கேட்டார், "குதிரைக்குத் தெரியுமோ?"

"என்னம்மா?"

"முதுகிலை இருக்கிற ஆள் செத்திட்டார் எண்டு குதிரைக்குத் தெரியுமோ?"

முசியே சிரிக்கப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டுவிட்டார். "தெரிஞ்சிருக்கும்மா. பாரம் வேற மாதிரி இருக்குமில்ல" என்றார். பிறகு எங்களை ஆறுதல் படுத்துகிறவர் போல, "இதெல்லாம் பின்னாடி கட்டிவிட்ட கதைம்மா. நெசத்துல அவரு கட்டில்லதான் செத்தாரு. அப்புறம் மூணு வருஷத்துக்குக் கிட்ட அந்தப் பட்டணத்த விடாமப் புடிச்சு வெச்சிருந்தது அவரோட பொண்டாட்டி. அது நெசம். கடைசியில முடியல. ஊர எரிச்சுட்டு, அவர் உடம்ப எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. ரெண்டு பேரும் இங்க கோயில்லதான் பக்கத்துல பக்கத்துல கெடக்கறாங்க" என்றார்.

"அவவுக்குச் சிலை இல்லையோ?"

"இந்தப் பாலத்துல எங்கயோ சின்னதா ஒண்ணு இருக்குன்னு நெனைக்கிறேன்."

அக்கா அதைத் தேடிப் போகவில்லை. வெயில் முதலாளியின் முகத்தில் படுகிறது என்று நாற்காலியைத் திருப்பச் சொன்னார். பஸ் ஏறும்போது முதலாளியைப் பார்த்து, "கதை நல்லாயிருந்ததே?" என்று கேட்டார். முதலாளி ஓம் என்றார்.

கடைக்குத் திரும்பிய பிறகு அக்கா அந்தக் கதையை விடவில்லை. வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "குதிரையிலை ஏத்தினது அந்த மனுசியாத்தான் இருக்கும், தம்பி. வேறை ஆர் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டிருப்பினம்?" என்பார். இன்னொரு நாள், "கதவைத் திறந்து விட்டாப்பிறகு அவ எங்கை நிண்டிருப்பா?" என்றார். எனக்கு என்ன தெரியும்? நான் அந்தக் கதையில் மடையன் என்ற குதிரையின் பக்கம். தூக்குகிற வேலை என்னுடையது, மற்றதெல்லாம் எனக்கு மேலே நடந்தது.

மூத்தவர் வந்தது மாரி தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, பகல் கூட்டத்தில். தனியாக வரவில்லை. ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் தராசில் யாருக்கோ வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் வந்து சேருவதற்குள் மூத்தவர் கல்லாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தம்பியின் இடது கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, ஏனடா இப்பிடிக் கஷ்டப்படுறாய்?" குரல் தழுதழுத்தது.

"அத்தான், வாருங்கோ, பின்னுக்கு இருந்து கதைப்பம்" என்றார் அக்கா.

"இதிலேயே கதைக்கலாம், பிள்ளை. எனக்கு அவன்ரை விருப்பம் என்னெண்டு தெரியோணும். இவையும் தெரிஞ்சுகொள்ளட்டும்."

"நான் அவரைக் கேட்டுச் சொல்லுறன்."

"நானே கேக்கிறன். என்ரை தம்பியெல்லோ." மூத்தவர் முகத்தை அவருக்கு நேரே கொண்டுபோனார். "தம்பி, நீ களைச்சுப்போனாய். கடையை இனி நான் பாக்கட்டோ?"

"ஓம்" என்றார் முதலாளி.

தெளிவாக, கடை முழுவதும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சங்கத்துப் பெரியவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார், "இவர் லேசிலை ஓம் சொல்லுற மனுசன் இல்லை. சொன்னால் சொன்னதுதான்."

இந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஓம்தான் சொல்வார் என்று அந்தக் கடையில் தெரிந்தவர்கள் அக்காவும் நானும் மட்டுமே. மற்றவர்களுக்கு அவர் வாயிலிருந்து ஓம் வாங்குவது குதிரைக்கொம்பு. அப்படி நம்ப வைத்தது அக்காதான். வருடக்கணக்காக, ஒவ்வொரு வேண்டாமாக, பின்னறையில் தண்ணீர் குடித்துக் குடித்து அவர் கட்டியெழுப்பிய பெயர்.

ஒரு கேள்வி போதும். "இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையே?" என்று கேட்டால் ஓம் என்பார். "நீங்கள் பொம்பிளையே?" என்று கேட்டாலும் ஓம்தான். கடை சிரிக்கும், மூத்தவரின் ஓமுக்கு மதிப்பில்லாமல் போகும். பிறகு பார்த்துக்கொள்ளலாம், கொஞ்ச நாளாவது கிடைக்கும். அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. அவருடைய வாய் திறந்ததைக் கண்டேன். அவர் ஒருமுறை கடையில் நின்ற சனத்தைப் பார்த்தார். கோட்டும் மப்ளருமாக நிமிர்ந்து இருந்த முதலாளியைப் பார்த்தார். நான் பொறுக்க முடியாமல், "இல்லை, இவர்..." என்று தொடங்கினேன்.

"தம்பி, பேசாமல் இரும்" என்றார் அக்கா. பிறகு மூத்தவர் பக்கம் திரும்பினார். "அவர் சொன்னால் சரிதானே, அத்தான்."

திரும்பிப் போய்த் தராசில் இருந்த வெண்டிக்காயைப் பையில் கொட்டி, முடிச்சுப் போட்டு, காத்து நின்ற பெண்ணிடம் கொடுத்தார்.

கடை பூட்டியதும் பட்டியை அவிழ்த்து, முதலாளியை மேலே தூக்கிக்கொண்டு போனேன். படியின் பாதியில் கழுத்தில் ஏதோ இறுகியது. முதலாளியின் இடது கை. பிடித்துக்கொண்டிருந்தார். என்னோடு சேர்ந்து தன் பாரத்தைத் தானும் கொஞ்சம் தூக்கினார். இவ்வளவு காலமும் செய்யாத வேலை. நான் படியில் நின்றுவிட்டேன். கீழே அக்கா விளக்குகளை அணைக்கும் சத்தம் கேட்டது. முதலாளி அன்று ஓம் என்றது விளங்கித்தான் சொன்னதோ, தன்னைக் கட்டி இருத்துவதிலிருந்து விடுபடச் சொன்னதோ, அல்லது வழக்கமாக வருகிற ஓமோ, எனக்குத் தெரியாது. கழுத்தைப் பிடித்ததை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூத்தவர் சொன்னபடியே செய்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. கடை நன்றாகத்தான் ஓடுகிறது, நானும் அங்கேதான் நிற்கிறேன். மேல்வீட்டைச் சாமான் வைக்க எடுத்துக்கொண்டு, அவர்களுக்குச் செவ்ரானில் லிப்ட் இருக்கிற கட்டடத்தில் வீடு பிடித்துக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அக்கா ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல காய்" என்றார். முதலாளி யன்னலோரக் கதிரையில் பழைய சுவெட்டரோடு ஒரு பக்கம் சரிந்து இருந்தார். பலகை இல்லை, பட்டி இல்லை.

தேத்தண்ணி தந்துவிட்டு அக்கா காலை நீட்டி நிலத்தில் இருந்து பயற்றங்காய் முறித்தார். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனதை நான் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டுக் காட்டியிருக்கலாமெல்லோ, அக்கா. கடை மிஞ்சியிருக்கும்."

"கடை மிஞ்சியிருக்கும். இவர் மிஞ்சியிருப்பாரோ?" பயற்றங்காயைப் பார்த்தபடியே சொன்னார். "அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நானே அவரைக் குதிரையாலை இறக்கிறதோ, தம்பி?"

அந்தப் பேச்சை மாற்றுகிறவர் போல அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"இஞ்சருங்கோ, தம்பி மெலிஞ்சு போனார், என்ன?"

"ஓம்."

"இரவைக்குப் புட்டு அவிப்பமே?"

"ஓம்."

"வெளியிலை மழையே?"

"ஓம்." வெளியே நல்ல வெயில். அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அக்கா கேட்டார்.

"அண்டைக்கு அத்தானுக்கு ஓம் எண்டனீங்களெல்லோ. அது விளங்கித்தான் சொன்னீங்களோ?"

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவின் கை பயற்றங்காயில் நின்றது. அந்த ஒரு சொல் திரும்ப வந்த நாளிலிருந்து அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி என்று ஒன்றை நான் கண்டதில்லை. சரிந்திருந்த தலையைத் தூக்கி அக்காவையே பார்த்தார். வாயை இறுக மூடியிருந்தார். இடது கை மட்டும் சுவெட்டரின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது.

"சொல்லுங்கோவன்" என்றார் அக்கா. நிலத்தில் இருந்தபடியே நகர்ந்து கதிரைக்குக் கிட்டப் போனார். இவ்வளவு வருடமும் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், உண்மையாக அவரை ஒன்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "கோபமே என்னோடை?" என்றார். அதற்கும் ஓம் வரவில்லை. "இல்லையோ?" என்றார்.

என் தேத்தண்ணி ஆறிப்போனது. அங்கே எனக்கு இனி வேலையில்லை என்று விளங்கியது. எழும்பிச் சப்பாத்தைப் போட்டேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

"அப்ப நான் போயிட்டு வரட்டே?" என்று கேட்டேன்.

அதற்கும் முதலாளி ஓம் சொல்லவில்லை.